டவுன்ரிகர் குண்டுக்கு மேலே ஒரு ரப்பர்த் துண்டு: எங்கே உதவும், எங்கே உதவாது

ஸ்கார்பரோவின் பிளஃபர்ஸ் பார்க் துறையிலிருந்து ஒன்டாரியோ ஏரிக்குள் சினூக் சால்மன் பிடிக்கப் போகும் நண்பர் ஒருவர், சென்ற கோடையில், தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகர் கருவியின் ஈயக்குண்டு இரண்டைப் பறிகொடுத்திருக்கிறார். இரண்டும் 15 பவுண்டு, அதாவது 6.8 கிலோ. கேபிள் 150 பவுண்டு தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. இயந்திரம் மின்மோட்டாரில் இயங்குவது. குண்டுக்கும் கம்பிக்கும் நடுவே அதிர்ச்சி தாங்கும் ரப்பர் ஒன்றை மாட்டினால் குண்டு தப்பும், அலையில் போலி இரை ஆடாமல் நிற்கும், அடியில் பாறையில் சிக்கினாலும் கவலையில்லை என்று துறையில் ஒருவர் சொன்னாராம். அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு குண்டுகளும் மேலே ஏற்றும்போதுதான் போயின என்று போகிறபோக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். என் பதில் முழுவதும் அந்த வரியைப் பற்றிக்கொண்டுதான் நகரப் போகிறது.

வாங்கலாம். ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று காரணங்களில் முதலாவது மட்டுமே உண்மை. மூன்றாவதை நம்பிப் படகோட்டினால், ரப்பர் இல்லாமல் ஓட்டுவதைக் காட்டிலும் அதிகமாக இழப்பீர்கள்.

இந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். படகின் விளிம்பில் ஒரு சுருள் உருளை, அதிலிருந்து வெளியே நீளும் ஒரு கை, கையின் நுனியில் கப்பி, கப்பியின் வழியே நீருக்குள் இறங்கும் கம்பி, கம்பியின் முனையில் ஈயக்குண்டு: இவ்வளவுதான் டவுன்ரிகர். தூண்டில் நரம்பைக் குண்டுக்கு அருகே ஒரு கிளிப்பில் கவ்வவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, படகை இரண்டு மூன்று நாட் வேகத்தில் ஓட்டுவார்கள். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். அதன் பிறகு மீனுக்கும் கழிக்கும் இடையே ஈயத்தின் எடை கிடையாது. மிச்சிகன் மாநிலம் 1966-இல் பசிபிக் கடலின் கோஹோ சால்மனையும் அடுத்த ஆண்டு சினூக்கையும் மிச்சிகன் ஏரிப் பக்கம் விடத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கருவி பேரேரிகளில் வீட்டுப் படகுகள் வரை பரவியது. கோடையில் மேல்நீர் சூடேறியதும் சால்மன் குளிர்ந்த அடுக்கைத் தேடி இறங்கிவிடும். கைக்கழியை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு போலி இரையைக் குறித்த இடத்தில் நிறுத்த முடியாது.

இனி குண்டு எப்படிப் போகிறது என்பதற்கு வருவோம். சும்மா தொங்கும் குண்டு கம்பிக்குக் கொடுப்பது 6.8 கிலோ இழுப்பு. நீருக்குள் போனதும் அது விலக்கிய நீரின் எடை கழிந்து ஏறத்தாழ 6.2 கிலோ ஆகிவிடும். 68 கிலோ தாங்கும் கம்பி இதற்கு அறுவதற்கு வழியே இல்லை. அறுப்பது குண்டின் எடை அன்று. தளர்ந்த கம்பி சட்டென்று விறைக்கும்போது வரும் வெட்டிழுப்பு. அந்த வெட்டிழுப்பின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, விறைக்கும் கணத்தில் குண்டும் கம்பி முனையும் எவ்வளவு வேகத்தில் எதிரெதிராகப் போகின்றன என்பது. மற்றொன்று, கம்பி எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கிறது என்பது. இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். எஃகும் நீளும், முப்பது மீட்டர் கம்பி, ஒரு மீட்டர் கம்பியைப் போல முப்பது மடங்கு நீளும். ஆழத்தில் குண்டு இருக்கும்போது கம்பியே ஒரு நீண்ட சுருள்வில்லாக வேலை செய்கிறது. மேலே வர வர அந்த வில் குட்டையாகி, விறைத்து, கடைசி ஒரு மீட்டரில் கிட்டத்தட்ட இரும்புக் கம்பி வேலியைப் போல ஆகிவிடுகிறது.

ஆகவே நெகிழ்வு மிகக் குறைவாக இருக்கும் இடம் நீர்மட்டம். வேகம் மிகத் தாறுமாறாக இருக்கும் இடமும் அதுதான். மின்மோட்டார் நிமிடத்துக்கு 75 மீட்டர் அளவில் சுருட்டுகிறது என்று வையுங்கள். குண்டு நொடிக்கு 1.25 மீட்டர் வேகத்தில் ஏறி வருகிறது. கம்பியில் கோத்த நிறுத்துமணி கப்பியைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறது, கம்பி நிற்கிறது. குண்டு நிற்பதில்லை. வந்த வேகத்தில் அது இன்னும் எட்டு சென்டிமீட்டர் மேலே துள்ளுகிறது, கம்பி தளர்கிறது, குண்டு அதே எட்டு சென்டிமீட்டரும் கீழே விழுந்து, அதே வேகத்தில் கம்பியைச் சுண்டுகிறது. அடுத்த முறை கப்பிக்குக் கீழே கண்ணை வைத்துப் பாருங்கள்: குண்டு கப்பியருகே வந்து நிற்பது போலத் தோன்றும் கணத்தில் கம்பியில் சிறு வளைவு ஒன்று தோன்றி மறையும், உடனே கை நுனி "டக்" என்று தலையாட்டும். ஒன்றரை மீட்டர் கம்பியின் நெகிழ்வையும் கையின் வளைவையும் சேர்த்து நான் போட்ட தோராயக் கணக்கில் அந்தத் தலையாட்டலின் உச்ச இழுப்பு 35 கிலோவை ஒட்டி வருகிறது. அதாவது குண்டின் எடையைப் போல ஐந்து மடங்கு. புதுக் கம்பிக்கு அது பொருட்டில்லை. ஆனால் முனையை ஸ்லீவ் என்னும் சிறு உலோகக் குழலுக்குள் வைத்து அழுத்திய இடம், அதாவது கிரிம்ப், முழுப் பலத்தில் இருப்பது அரிது. அங்கே இரண்டு இழைகள் ஏற்கெனவே முறிந்திருக்கவும் கூடும். ஒரு பருவத்தில் இருநூறு முறை ஏற்றி இறக்கினால் இருநூறு முறை அதே இடத்தில் அதே அடி விழுகிறது.

ரப்பர் இங்கே செய்யும் உதவி பெரிது. குண்டைத் தொங்கவிட்டால் பத்து சென்டிமீட்டர் நீளும் ரப்பர் ஒன்றை நடுவே சேர்த்து அதே கணக்கைப் போட்டால், உச்ச இழுப்பு 15 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் இரண்டு குண்டுகளும் ஏற்றும்போதே போயின என்பதைப் படித்ததும் வாங்கலாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

என் அனுபவத்தில் ஒன்று. நான் மீன்பிடிப்பது கனடாவின் மேற்குக் கரையில், ஜார்ஜியா நீரிணையில். ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து நனைமோவுக்குப் போகும் கார்ப் படகுகள் குறுக்கே ஓடும் நீர் அது. ஒரு மார்ச் மாதக் காலையில் குண்டைத் தூக்கி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிறுத்திவிட்டு, கிளிப்பில் சிக்கிய பாசியை எடுக்கக் கை நீட்டினேன். அந்த நேரத்தில், பத்து நிமிடம் முன்பே கடந்து போய்விட்ட கப்பல் எழுப்பிய அலைகள் வந்து சேர்ந்தன. முதல் அலையில் படகின் அந்தப் பக்கம் தாழ்ந்தது, குண்டு மூழ்கியது. இரண்டாவது அலையில் பக்கம் எழும்பியது. கை நுனி படகின் விளிம்பை விட வெளியே நீண்டிருப்பதால் அது விளிம்பைக் காட்டிலும் வேகமாக எழும்பும். குண்டு நீரைவிட்டு வெளியே பிடுங்கப்பட்டு, ஊஞ்சலாகி, படகின் பக்கவாட்டில் ஒரு கோதுமை ரொட்டி அளவுக்குப் பூச்சைப் பெயர்த்துவிட்டுத் திரும்பிப் போகும் வழியில் அறுந்தது. கம்பியின் முனையைப் பிறகு பார்த்தேன். ஏழு இழைகளில் மூன்று பளபளவென்று புதிதாக முறிந்திருந்தன. நான்கு பழுப்பேறி, வெகு நாளைக்கு முன்பே முறிந்தவை போல் கறுத்திருந்தன. அந்தக் கிரிம்பைக் கடையில் அழுத்தித் தந்தவர் ஸ்லீவை ஒரு அளவு சிறியதாகப் போட்டு இழைகளை நசுக்கியிருந்தார். ஆனாலும் ஒரு முழுக் குளிர்காலமும் அதைத் திருப்பிப் பார்க்காதவன் நான்தான்.

மூன்றாவது காரணத்தை இப்போதே எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது. இங்கே குளிர்காலச் சினூக் அடியை ஒட்டி மேயும். மணல் விலாங்கைத் தேடி மணல்மேடுகளின் விளிம்பில் நிற்கும். அதனால் நாங்கள் குண்டை அடியிலிருந்து ஓரிரு மீட்டருக்குள் ஓட்டுகிறோம், அடிக்கடி தட்டவும் விடுகிறோம். மணலில் தட்டினால் ஒன்றுமில்லை; பாறை இடுக்கில் குண்டு மாட்டிக்கொண்டால் நடப்பது வேறு. இரண்டு டன் எடையுள்ள படகு இரண்டரை நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,700 ஜூல். ஒரு நல்ல ரப்பர் முழுக்க நீண்டால் உள்வாங்குவது நாற்பது ஐம்பது ஜூல். பானை நீரை அகப்பையில் பிடிக்கும் கதைதான். ரப்பர் தன் எல்லைவரை நீண்டு, உள்ளே இருக்கும் காப்புக்கயிறு விறைத்த பிறகு, மீதி முழுவதும் கம்பிக்கும், கைக்கும், கருவியைப் படகில் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளுக்கும் போகிறது.

அந்த ஆற்றலைச் செலவழிக்கக் கூடியது ஒன்றுதான்: கிளட்ச், அதாவது குறித்த இழுப்பைத் தாண்டினால் உருளையை வழுக்கவிடும் பிடிப்பு. 20 கிலோ இழுப்பில் வழுக்கும்படி கிளட்ச்சைத் திருப்பி வைத்திருந்தால், படகை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகு எட்டொன்பது மீட்டர் கம்பி ஓடும், படகு நிற்கும், ஒன்றும் உடையாது. டவுன்ரிகரில் உள்ள உண்மையான அதிர்ச்சி தாங்கி கிளட்ச்தான். ரப்பர் அதற்குத் துணை. இதைச் சொல்லக் காரணம், நான் பார்த்த படகுகளில் பாதிக்கு மேல் கிளட்ச் முறுக்க முடிந்த அளவுக்கு முறுக்கியே கிடக்கிறது. ஓடும்போது குண்டு தானாக இறங்குகிறது என்று ஒருநாள் யாரோ முறுக்கியிருப்பார்கள். பிறகு யாரும் தளர்த்துவதில்லை. ரப்பரை மாட்டிவிட்டோம் என்ற தைரியமும் சேர்ந்துகொண்டால் கை வளைவதையோ அடித்தளம் பெயர்வதையோ காணலாம்.

கிளட்ச்சை அளந்து வைப்பது கடினமில்லை. படகு துறையில் கட்டியிருக்கும்போது குண்டைக் கழற்றிவிட்டு, கம்பி முனையில் ஒரு சுருள்வில் தராசை மாட்டி, சீராகக் கீழே இழுங்கள். மீன் எடை போட வைத்திருக்கும் தராசே போதும், 25 கிலோவரை காட்டினால் சரி. உருளை வழுக்கத் தொடங்கும் கணத்தில் தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 15 பவுண்டுக் குண்டுக்கு நான் 18 முதல் 20 கிலோவுக்குள் வைக்கிறேன். குண்டின் எடை, ஓடும்போது நீர் கம்பியைப் பின்னே தள்ளும் இழுப்பு, அலையின் குலுக்கல் எல்லாவற்றையும் தாங்கும் அளவுக்கு அது போதும். கம்பியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் கிரிம்ப்பும் பிழைக்கும். மழையில் நனைந்த கிளட்ச் தட்டும் பருவம் முழுக்க நிழலில் கிடந்து இறுகிப்போன தட்டும் ஒரே இடத்தில் வழுக்குவதில்லை. அதனால் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை அளக்கிறேன். உங்கள் அடித்தளம் சுழலக்கூடியதாக இருந்தால் அதன் பூட்டுமுள் எளிதாக எடுக்க வருகிறதா என்றும் பாருங்கள். சிக்கும்போது கருவியின் கையைச் சிக்கிய திசைக்கே திருப்பிவிட்டால் இழுப்பு நேர்கோட்டில் வரும், பக்கவாட்டில் முறுக்காது.

ஒன்டாரியோ ஏரியில் கோடையில் நீங்கள் மீன்பிடிப்பது பெரும்பாலும் நடுநீரில். கீழே அறுபது மீட்டர் இருக்கும், குண்டு முப்பதில் ஓடும். எனவே சிக்கும் தொல்லை உங்களுக்கு எங்களைக் காட்டிலும் குறைவு. ஆனால் ஏரியின் அலை வேறு விதம்: குட்டையானது, செங்குத்தானது, நெருக்கமாக வருவது. தென்மேற்குக் காற்று நாள்முழுக்க அடித்த மாலையில் குண்டை ஏற்றுவது கடலில் ஏற்றுவதைவிட மோசமாக இருக்கும் என்று அங்கிருந்து வந்த நண்பர்கள் சொல்வதை நம்புகிறேன்.

இனி இரண்டாவது காரணம், அலையில் போலி இரை ஆடாமல் நிற்கும் என்பது. இது கேட்க நியாயமாகத் தோன்றும். வண்டியின் ஷாக் அப்சார்பர் பள்ளத்தை உள்ளே விடாதது போல ரப்பரும் அலையைக் கீழே விடாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எந்த வில்லும் தன் இயல்பான ஆட்டத்தைவிட வேகமான குலுக்கலைத்தான் வடிகட்டும். மெதுவான அசைவை அப்படியே கடத்திவிடும். ரப்பரை வாங்கியதும் கராஜ் உத்தரத்தில் கட்டி, அதில் குண்டைத் தொங்கவிட்டு, கையால் மெல்லக் கீழே அழுத்தி விட்டுவிடுங்கள். மேலும் கீழுமாகப் பத்து முறை ஆட எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். பத்து சென்டிமீட்டர் நீண்ட ரப்பரானால் ஆறு, ஆறரை நொடியில் பத்து ஆட்டமும் முடிந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கு அரை நொடிக்குச் சற்று மேல். அலையோ மூன்று நொடிக்கு ஒருமுறை, கடலில் ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை படகைத் தூக்குகிறது. அவ்வளவு நிதானமான தூக்கலை இந்த ரப்பர் உணர்வதே இல்லை. படகு அரை மீட்டர் எழும்பினால் குண்டும் அரை மீட்டர் எழும்பும். நான்கு நொடி அலையை உண்மையிலேயே தடுக்க வேண்டுமானால், எட்டு நொடி ஆட்டம் உள்ள ரப்பர் வேண்டும். அது குண்டின் எடைக்குப் பதினைந்து மீட்டர் அளவுக்கு நீண்டு தொங்க வேண்டியிருக்கும். அப்படியொன்றைக் கட்டி மீன்பிடித்தவரை நான் கண்டதில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி அலட்டிக்கொள்ளவும் வேண்டாம். போலி இரை ஒரே சீராகப் போவதைவிட, படகு திரும்பும்போதும் எழும்பித் தாழும்போதும் வேகம் மாறுவதுதான் பல நேரங்களில் சினூக்கைக் கடிக்க வைக்கிறது. ரப்பர் குறைப்பது வேறொன்றை: சடக்கென்ற குலுக்கலில் கிளிப் பொய்யாக விடுபடுவதை. அதுவும் கிளிப்பை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரப்பருக்குக் கீழே, குண்டோடு சேர்த்து மாட்டினால் அந்த உதவி சிறிது கிடைக்கும். ஆனால் காப்புக்கயிறு அறுந்தால் குண்டோடு கிளிப்பும் போகும், அதில் கவ்வியிருக்கும் நரம்பும் இழுபடும். நான் ரப்பருக்கு மேலே, கம்பியின் முனைக் கொக்கியில்தான் மாட்டுகிறேன். பொய் விடுபடல் தொல்லையாக இருந்தால் கிளிப்பின் கவ்வலை ஒரு படி இறுக்குவதும், நரம்பை உள்ளே ஆழமாக வைப்பதும் எளிய வழி.

கம்பிக்குப் பதில் பின்னல் கயிறு போட்டால் ரப்பரே வேண்டாம் என்று சிலர் சொல்வதுண்டு. பின்னல் கயிறு என்றதும் தங்கூசி நரம்பு நீள்வது போல இதுவும் நீளும் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலும். டவுன்ரிகருக்கு வரும் 200 பவுண்டுப் பாலிஎதிலீன் பின்னல் அறும்வரை நீள்வதே நூற்றுக்குச் சில விழுக்காடுதான். நெகிழ்வில் அது எஃகுக்கு அண்ணன் தம்பி. அதைப் போடக் காரணங்கள் வேறு இருக்கின்றன: முறுக்கேறிச் சுருண்டுகொள்வதில்லை, கையைக் குத்துவதில்லை, ஓடும்போது கம்பியைப் போல ரீங்காரமிடுவது குறைவு, கடல்நீரில் எஃகுக் கம்பி கிளப்பும் மின்னழுத்தத் தொல்லை கிடையாது. ஆனால் மாற்றும் நாளில் கப்பியையும் மாற்றுங்கள். எஃகுக் கம்பி பல ஆண்டு ஓடிய கப்பியின் பள்ளத்தில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தால் மெல்லிய கோடு தட்டுப்படும். அந்தக் கோட்டின் விளிம்பு பின்னலுக்கு அரம். கயிறு அறுந்தால் ரப்பர் இருந்தும் பயனில்லை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? கடைகளில் ஸ்னபர் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கும். ஒன்று, தூண்டில் நரம்பில் ஃபிளாஷர் என்னும் மினுக்குத் தகட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே போடும் மெல்லிய ரப்பர். வாய் மென்மையான கோக்கனி போன்ற மீன்களுக்கு முள் கிழித்துக்கொண்டு வராமலிருக்க அது. நமக்கு வேண்டியது அதுவன்று. விரல் பருமனுள்ள ரப்பர்க் குழாய், உள்ளே தளர்வாக மடிந்து கிடக்கும் காப்புக்கயிறு, இரு முனையிலும் கொக்கி அல்லது ஸ்விவல் (சுழலும் இணைப்பு) உள்ளது. முன் சொன்ன கராஜ் சோதனையே தேர்வுக்கும் உரைகல். குண்டைத் தொங்கவிட்டால் மூன்று சென்டிமீட்டர்தான் நீள்கிறது என்றால் அது உங்கள் குண்டுக்கு விறைப்பு. காப்புக்கயிறு ஏற்கெனவே விறைத்துவிட்டது என்றால் அது தொளதொளப்பு. இனி நீள இடமில்லாத ரப்பர் வெறும் அலங்காரம். தொங்கும் நிலையில் பத்து சென்டிமீட்டர் நீண்டு, கையால் இழுத்தால் இன்னொரு பத்தாவது நீள இடம் இருக்க வேண்டும். 10 பவுண்டுக் குண்டுக்கு வாங்கியதை 15-க்கு மாட்டுவதுதான் வழக்கமான தவறு. குழாயை வாங்கி வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. மருத்துவமனைகளில் பயன்படும் வகை லேடெக்ஸ் குழாய் நன்றாக உழைக்கும். சுமை கட்டும் பங்கி கயிறு வேண்டாம், அதன் துணியுறை நீரை உறிஞ்சி உள்ளிருக்கும் ரப்பரை அழுகவிடும்.

குண்டு துடுப்பு வைத்ததோ மீன் வடிவமோ எதுவானாலும் சிறிது சுழலும். ரப்பருக்குக் கீழே நல்ல ஸ்விவல் இல்லாவிட்டால் அந்தச் சுழற்சி குழாயை முறுக்கி, காப்புக்கயிற்றைச் சுருக்கிவிடும். இறக்கிய கம்பியின் நீளத்தைக் காட்டும் எண்காட்டியையும் சரிசெய்ய வேண்டும். ரப்பரின் நீளமும் நீட்சியும் சேர்ந்து குண்டு அரை மீட்டர் தாழ்வாக ஓடும், அடியை ஒட்டி ஓட்டுபவருக்கு அந்த அரை மீட்டர் பெரிய விஷயம். நீர் தடுப்பதால் குண்டு பின்னுக்குப் போகுமே என்று கேட்டால், போகும், ஆனால் மிகச் சிறிது. நாற்பது மீட்டர் ஆழத்தில் பின்தள்ளலுக்குக் காரணம் குண்டைவிடக் கம்பிதான். விரல் பருமன் குழாய் ஒன்று தருவது நாலைந்து மீட்டர் கம்பியைக் கூடுதலாக இறக்கியதற்குச் சமமான தடுப்பு. இரண்டு ரப்பரைத் தொடராக மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். குண்டு கப்பிக்குக் கீழே ஒரு மீட்டர் தொங்கி ஊஞ்சலாடும், படகின் பூச்சுக்குத்தான் கேடு.

காப்புக்கயிற்றின் பலத்தைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு உண்டு. கம்பியைவிட வலுவாக இருக்க வேண்டும் என்பார் சிலர், நான் மறுபக்கம். 150 பவுண்டுக் கம்பிக்குக் கீழே 100 பவுண்டுத் தங்கூசி வளையம் ஒன்றைப் போட்டுவிடுகிறேன். மீளவே முடியாதபடி சிக்கினால் அந்த வளையம் அறுந்து குண்டு மட்டும் போகட்டும். கம்பி அறுந்தால் குண்டோடு இருபது மீட்டர் கம்பியும் போகும், மிச்சம் சுண்டிக்கொண்டு முகத்துக்கு வரும். எஃகுக் கம்பி அறுந்து திரும்பி வரும் வேகத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு அதன் நேர்க்கோட்டில் நிற்கமாட்டார். சிக்கிய குண்டைக் கையால் கம்பியைப் பிடித்து இழுக்க முயல்வதும் வேண்டாம். படகைத் திருப்பிச் சிக்கிய இடத்தின் மறுபக்கம் போய், மேலிருந்து தூக்கினால் பத்தில் ஏழெட்டு முறை வந்துவிடும்.

பணம் செலவில்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. நிறுத்துமணி கப்பியைத் தொடும்வரை மோட்டாரை ஓடவிடாதீர்கள். எண்காட்டி மூன்று மீட்டர் என்று காட்டும்போதே விசையை விட்டுவிட்டு, பிறகு தட்டித் தட்டி மேலே கொண்டுவாருங்கள். துள்ளல் குண்டின் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் எட்டு சென்டிமீட்டர் துள்ளல் இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஏற்றும்போது கப்பலலை வருகிறதா என்று இரு பக்கமும் ஒருமுறை பாருங்கள். வந்தால் குண்டை மேலே எடுக்க அவசரப்படாமல் ஐந்தாறு மீட்டர் கீழேயே விட்டுவையுங்கள். அங்கே கம்பிக்கு நெகிழ்வும் இருக்கிறது, குண்டை ஊஞ்சலாட விடாத நீரும் சுற்றி இருக்கிறது. கப்பிக்குச் சற்றுக் கீழே, நிறுத்துமணிக்கு அடியில், ஒரு ரப்பர்த் தடுப்பு வளையத்தையும் கோத்துவிட்டால் மணி உடையாது. மணி உடைந்தால் மோட்டாருக்கு எங்கே நிற்பதென்று தெரியாமல் குண்டைக் கப்பிக்குள் இழுக்கப் பார்க்கும். உங்களுடைய இரண்டில் ஒன்று இப்படிப் போயிருக்கக்கூடும். அறுந்த முனை இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இழைகள் நசுங்கித் தட்டையாக இருந்தால் கப்பியில் மாட்டி அறுந்தது. கூர்மையாக மெலிந்து முறிந்திருந்தால் வெட்டிழுப்பு. பழுப்பேறியிருந்தால் பழைய காயம்.

கை நுனியில் எஃகுச் சுருள்வில் வைத்து விற்கும் அமைப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதுவும் வேலை செய்யும். குண்டு வரைக்கும் கம்பி ஒரே துண்டாக இருக்கிறது என்பது அதன் நிறை. ஆனால் எஃகு வில் வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுவதும் திருப்பிக் கொடுத்துவிடும். அடி விழுந்த பிறகும் நாலைந்து முறை குதித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் ஒரு பங்கைத் தனக்குள் சூடாகச் செரித்துக்கொள்வதால் சீக்கிரம் அடங்கும். மலிவும் அதுதான்.

மலிவு என்பதால் ஆண்டுதோறும் மாற்றவும் மனம் வரும். வெயிலும் டீசல் எண்ணெயும் ரப்பருக்குப் பகை. மார்ச்சில் பெட்டியிலிருந்து எடுத்ததும் குழாயை இரட்டையாக மடித்து, மடிப்பின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். கம்பியின் கடைசி ஒரு மீட்டரையும் அதே நாளில் வெட்டி எறிந்துவிட்டு, சரியான அளவு ஸ்லீவ் போட்டுப் புதுக் கிரிம்ப் அழுத்துங்கள். முந்நூறு அடிக் கம்பியில் மூன்றடி குறைவதை எந்த மீனும் கவனிக்காது.